ரஷ்யாவின் சைபீரியாவில் ஓடும் லேனா ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக இருப்பது ஏன்?

சேறு பாதிக் காரணம்தான். தெளியவைத்தாலும் பால் ஊற்றாத தேநீர் நிறம் போகாது. அது கரைந்த கரிமத்தின், அதாவது மக்கும் செடிகொடிகளிலிருந்து ஊறிவந்த கார்பன் சேர்ந்த பொருளின் நிறம்.

சைபீரியக் குளிரில் இலைதழையும் பாசியும் முழுசாக மக்காமல் மண்ணின் மேலேயே சேர்ந்துகிடக்கும். மே கடைசியில், ஜூனில் பனி மொத்தமாக உருகும். அடியில் நிலம் இன்னும் உறைந்தே இருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அந்த மக்குப் படலத்தை ஊறவைத்து, சாறெடுத்து ஆற்றில் விடும். லேனா ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் கரிமத்தை ஆர்க்டிக் பகுதியின் லாப்டெவ் கடலுக்குக் கொண்டுபோகிறது. அதில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில்தான்.

அப்புறம் கோடையில் நிலம் ஆழமாக இளகும்போது தண்ணீர் களிமண் வழியே வடியும். களிமண் கரிமத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நிறமும் வெளுக்கும். சைபீரியாவின் இன்னொரு ஆறான கொலிமாவின் கரைகளில் கதை வேறு: அங்கே கரைவது பல்லாயிரம் ஆண்டு உறைந்திருந்த கரிமம். நுண்ணுயிர்கள் அதை வேகமாகத் தின்றுவிடுவதால், கணிசமான பங்கு கடலுக்குப் போகாமல் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது.