கிரீன் டீ குடித்தும் பல் சொத்தையா?

கேள்வி: கிரீன் டீ வாயில் உள்ள கிருமிகளைக் கொல்லும் என்று படித்துவிட்டு, ஒரு வருடமாக அலுவலகத்தில் தினமும் ஒரு பாட்டில் மல்லிகை கிரீன் டீ குடிக்கிறேன். போன வாரம் பல் மருத்துவர் இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை என்கிறார். படித்தது பொய்யா?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: பொய் இல்லை. ஆனால் முழுதும் படிக்கவில்லை போலிருக்கிறது. முதலில் அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பானத்தின் சர்க்கரை அளவைப் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை தரும் நியூட்ரி-கிரேட் தரக்குறி 'பி' என்று இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். 100 மில்லிக்கு 5 கிராம் வரை சர்க்கரை இருந்தாலும் 'பி' தான். அந்த அளவில் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம், ஐந்தாறு தேக்கரண்டி!

தேயிலையில் கேட்டகின் என்ற பொருள்கள் உண்டு. சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி, சர்க்கரையிலிருந்து பசை போன்ற ஒன்றைத் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசையை உண்டாக்கும் நொதியைக் கேட்டகின் தடுக்கிறது. கிருமியின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்துகிறது. கிரீன் டீயால் வாய் கொப்பளித்தவர்களின் உமிழ்நீரில் கிருமி குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உமிழ்நீரில் கிருமி குறைவது வேறு, சொத்தை வராமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு வலுவான சான்று இன்னும் இல்லை.

உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கிருமிக்குக் கடிவாளம் போட்டுக்கொண்டே கூடவே தீனியும் வைக்கிறீர்கள். அதுவும் மேசையில் வைத்து மதியம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர் என்றால் இன்னும் மோசம். சர்க்கரை உள்ளே போனதும் கிருமி அமிலத்தை விடும். வாயின் பிஎச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த மடக்கு!

சரி, கிரீன் டீயை விட வேண்டுமா? வேண்டாம். இலையோ பையோ வாங்கி, சர்க்கரை இல்லாமல் வெந்நீரில் போட்டுக் குடியுங்கள். தேன் விட்டால் அதுவும் சர்க்கரைதான். கோப்பிக்கடையில் 'தே ஓ கோசோங்' (பால், சர்க்கரை இல்லாத தேநீர்) சொன்னாலும் பல்லுக்குக் கெடுதல் இல்லை, கறை மட்டும் கொஞ்சம் பிடிக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள்.

தேயிலையில் இயற்கையாகவே கொஞ்சம் ஃபுளோரைடு உண்டு. ஆனால் அதற்காக டீயை நம்பியிருக்க வேண்டியதில்லை, நம் குழாய்த் தண்ணீரிலேயே 1950-களிலிருந்து சேர்க்கிறார்கள். இரவு ஃபுளோரைடு பற்பசையால் துலக்கிவிட்டு அப்படியே படுங்கள். அதற்கு மேல் டீ வேண்டாம்.

குழி விழுந்த சொத்தை எந்த டீக்கும் மூடாது. அடைப்பதைத் தள்ளிப்போட்டால் வேர்ச் சிகிச்சையில் போய் நிற்கும், செலவும் பல மடங்கு. அரசின் மருத்துவ மானியத் திட்டமான சாஸின் (CHAS) நீலநிற அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த பல் மருந்தகங்களில் மானியம் கிடைக்கும். நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.