பாத்ரூமில் பாடியது போலக் கேட்கும் குரல்: அடுத்த மைக் வாங்கும் முன்

கேள்வி: வீட்டில் ஓர் அறையில் என் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்து பழகுகிறேன். கண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் எல்லாம் இருக்கிறது. சுவரில் நுரைத் தகடுகள் ஒட்டியிருக்கிறேன். ‘ஸ்டுடியோ தரக் குரல்’ என்று விற்ற பிரீசெட் தொகுப்பையும் (குரலை மெருகேற்ற முன்கூட்டியே எண்கள் வைத்துத் தரும் அமைப்புகள்) வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் குரல் பாத்ரூமில் பாடியது போலவே கேட்கிறது, இசையோடும் ஒட்டவில்லை. இன்னும் விலை கூடிய மைக் வாங்கலாமா? ஒருவர் மிக்ஸிங் (குரலையும் இசையையும் கலந்து சமன் செய்வது), மாஸ்டரிங் எல்லாம் சேர்த்துச் செய்து தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: மைக் வாங்க வேண்டாம். முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மாஸ்டரிங்காரர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அவரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

பாத்ரூம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் மைக் குரலோடு அறையையும் சேர்த்துத்தான் பதிவு செய்கிறது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். சின்ன அறையில் குரல் சுவரில் மோதி மைக்குக்குத் திரும்பி வரச் சில மில்லி செகண்டே ஆகும். அவ்வளவு சீக்கிரம் வருவதால் அது தனி எதிரொலியாகக் காதில் படாது. நேர்க்குரலோடு கலந்து, சில அதிர்வெண்களைத் தூக்கிவிட்டு, சிலவற்றைத் தின்றுவிடும். நீங்கள் சொல்லும் அந்தப் பாத்ரூம் சத்தம் இப்படி வருவதுதான்.

சந்தேகம் இருந்தால் இப்போதே சோதித்துப் பாருங்கள். குரல் ட்ராக்கில் உள்ள பிளக்-இன் (ஒலியை மாற்றும் சின்ன மென்பொருள்) அத்தனையையும் அணைத்துவிடுங்கள். இசையையும் நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில் குரலை மட்டும் கேளுங்கள். ‘விட்டு’, ‘தொட்டு’ என்று சட்டென்று முடியும் சொல் எங்கே வருகிறதோ, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். சொல் முடிந்த பிறகும் ஒரு கண்ணிமைப்பு நேரம் ஏதோ ஒன்று வாலாக இழுத்துக்கொண்டு நிற்கும். அதுதான் அறை.

இப்போது பிரீசெட்டுக்கு வருவோம். அதைப் போட்டதும் நிலைமை இன்னும் மோசமாகியிருக்குமே? ஆகத்தான் செய்யும். கம்ப்ரஸர் சத்தமான இடங்களை அமுக்குகிறது. பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடுகிறது. அமுங்கிக் கிடந்த அந்த வாலும் கூடவே மேலே ஏறி வந்துவிடும். அது போக, கம்ப்ரஸர் எந்த அளவைத் தாண்டினால் வேலை செய்ய வேண்டும் என்பது பாடியவரின் குரல் அளவைப் பார்த்து வைக்க வேண்டிய எண். பிரீசெட் விற்றவர் அதை வேறு யாரோ ஒருவர் வேறு ஏதோ ஓர் அறையில் பாடியதற்கு வைத்திருக்கிறார். உங்கள் குரலில் அது ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கலாம், அல்லது கழுத்தை நெரிக்கலாம். இது விற்பவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் ‘ஒரே கிளிக்கில்’ என்று விற்கிறார்கள். உங்கள் பதிவு மென்பொருளோடு வந்த ஈக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

நுரைத் தகடு அடுத்த ஏமாற்று. மெல்லிய நுரை உச்ச அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும். குரலில் டப்பா சத்தம் வருவது பெரும்பாலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஒரு மீட்டருக்கு மேல். விரல் தடிமன் நுரை அதை என்ன செய்துவிடும்? பளிச்சென்ற பகுதியைத் தின்றுவிட்டு டப்பாவை மட்டும் மிச்சம் வைக்கும். இதையே ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று வேறு விற்கிறார்கள். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேண்டும். நுரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முட்டை அட்டையைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, என்னதான் செய்வது?

மைக் எதைப் பார்க்கிறது என்று யோசியுங்கள். உங்களைப் பார்க்கிறது, உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கிறது. பாடுவதற்கு நாம் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக்குக்கு முதுகுப்பக்கம்தான் காது மிகவும் மந்தம். ஆனால் எல்லோரும் மைக்கின் முதுகில் அரைவட்டக் கேடயம் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் பின்சுவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தடித்த கம்பளிகளையோ மெத்தையையோ உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால், அதே கம்பளி இன்னும் கீழே உள்ள அதிர்வெண்களையும் பிடிக்கும். அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் நிற்காதீர்கள். கம்ப்யூட்டர் விசிறி மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 15 சென்டிமீட்டர். தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறையின் சத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். செலவே இல்லாத இந்த 6 டெசிபலை விட்டுவிட்டு மைக் கடைக்கு ஏன் ஓட வேண்டும்? ரொம்பவும் நெருங்கினால் அடிக்குரல் வீங்கும், அதைக் கவனியுங்கள். ‘ப’ ஒலியின் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரை நடுவில் வையுங்கள். கையை வாய்க்கு முன்னால் நீட்டி ‘பப்பப்’ என்று சொன்னால் காற்று எங்கே அடிக்கிறது என்று தெரியும்; மைக் அந்த நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கட்டும்.

அடுத்தது கெயின், அதாவது மைக் சிக்னலை இன்டர்ஃபேஸ் தூக்கும் அளவு: 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். இருப்பதிலேயே சத்தமான வரியைப் பாடும்போது மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தொட்டால் குரல் உடையும், பிறகு சரிசெய்ய முடியாது. ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதற்கு 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மறந்துவிடுங்கள். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதைப் பிடிக்க 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

அறையை எதுவுமே செய்ய முடியாத நிலை என்றால், மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகையான டைனமிக் மைக் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 1966 முதல் விற்பனையில் இருக்கிறது, அந்த வகை. டைனமிக் மைக் அறையைக் கேட்காது என்று சொல்வார்கள், அது பொய். உதட்டை ஒட்டி வைத்துப் பாட அது தோதாக இருக்கிறது, அதனால்தான் அறை குறைகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் கிசுகிசுப்பது போல மெல்லப் பாடுபவர் என்றால் டைனமிக் உங்களுக்கு ஆகாது. அதிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனம். மெல்லிய குரலுக்கு இன்டர்ஃபேஸ் சுமார் 60 டெசிபல் வரை தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். விலை குறைந்தவற்றில் பல, குமிழைக் கடைசி வரை திருப்பினால் ‘உஸ்ஸ்’ என்று இரைய ஆரம்பிக்கும். நீங்கள் பாடும் அளவுக்குக் கெயினை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பத்து விநாடி பதிவு செய்து கேளுங்கள். அந்த இரைச்சல் குரலோடு போட்டி போடுகிறது என்றால் கண்டென்சரிலேயே இருங்கள். ஆனால் 10 சென்டிமீட்டருக்கு நெருங்கிவிடுங்கள். பாட்டு முழுவதும் கிசுகிசுப்பு இல்லை, பல்லவியில் மட்டும் குரல் எழும்புகிறது என்றால் அது வேறு கதை. மெல்லிய பகுதிகளை ஒரு கெயினில் மொத்தமாகப் பாடி முடியுங்கள். பிறகு கெயினைக் குறைத்துவிட்டுப் பல்லவிகளைத் தனியாகப் பாடுங்கள். இடையில் மாட்டிச் சிக்னலைத் தூக்கும் சின்னக் கருவிகளும் விற்கின்றன. அதை வாங்கத் தோன்றினால், மேலே சொன்ன பத்து விநாடிச் சோதனையை இன்னொரு தரம் செய்யுங்கள்.

இசையோடு ஒட்டவில்லை என்றீர்கள். நீங்கள் பாடுவது முடித்து வைத்த ஒரே ஸ்டீரியோ இசைக்கோப்பின் மேல் என்றால், அது ஏற்கெனவே அமுக்கிச் சத்தம் கூட்டியதாக இருக்கும். குரலை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். இசையை 6 டெசிபலாவது இறக்குங்கள். ஹெட்ஃபோனில் உங்கள் குரல் தாமதமாகக் கேட்டால் இன்டர்ஃபேஸில் உள்ள நேரடி மானிட்டர் வசதியைப் போடுங்கள். தாமதத்தோடு பாடினால் தாளமே தள்ளிப்போகும். ஒரே டேக்கில், அதாவது ஒரே தடவை பாடிய பதிவில், முடிக்க நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டுப் பொறாமைப்படும் குரல்களில் பெரும்பாலானவை பல டேக்குகளிலிருந்து சொல் சொல்லாகப் பொறுக்கி ஒட்டியவை. இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

பொறுக்கிய பிறகு, கம்ப்ரஸரைத் தொடுவதற்கு முன் வரிவரியாகக் கையாலேயே அளவைச் சமன் செய்யுங்கள். அப்புறம் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 3:1 விகிதத்தில், அதிகபட்சம் 6 டெசிபல் அமுங்கும்படி கம்ப்ரஸர். ‘ஸ’ ஒலி குத்தினால் டி-எஸ்ஸர். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) கடைசியில், கொஞ்சமாக. சுருதித் திருத்தம் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கான ஆட்டோ-ட்யூன் மென்பொருள் வந்தது 1997-இல். ஆனால் அறை கலந்த குரலில் போட்டால் அதுவும் தடுமாறும்.

இனி அந்த மாஸ்டரிங்காரர். மாஸ்டரிங் என்பது முடிந்த மிக்ஸின் மேல் செய்யும் கடைசிப் பூச்சு. குரலோடு கலந்துவிட்ட அறையை அதில் பிரித்தெடுக்க முடியாது. உங்களிடம் ஒரே ஒரு எம்பி3 கோப்பை மட்டும் கேட்கிறார் என்றால், அதைத் தானியங்கித் தளம் ஒன்றில் ஏற்றி இறக்கிவிட்டு உங்களிடம் கட்டணம் வாங்கும் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘ஸ்பாட்டிஃபை அளவுக்குச் சத்தம் கூட்டித் தருகிறேன்’ என்பதும் பெரிய சேவை இல்லை. அதிகச் சத்தமான பாடலை அந்தத் தளமே சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாடலின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். பாடலைத் தன் கணக்கிலிருந்து வெளியிட்டுத் தருகிறேன், உரிமையில் ஒரு பங்கு போதும் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளியிடும் கணக்கு உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும்.

நல்ல மிக்ஸிங் ஆட்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: பிளக்-இன் எதுவும் இல்லாத குரலில் ஒரு வரியை மட்டும் வேவ் கோப்பாக அனுப்பி, ‘இது எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் ‘அறை கேட்கிறது, திரும்பப் பாடி அனுப்புங்கள்’ என்பார். ‘அனுப்புங்க பாஸ், எல்லாம் சரி பண்ணிடலாம்’ என்ற பதிலோடு முன்பணக் கணக்கும் சேர்ந்து வந்தால், பணம் அனுப்பாதீர்கள்.