கலியாணத்துக்கு முன் வரும் 'அளவு'ப் பயம்

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இருந்து 27 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆவணியில் கலியாணம். கூட்டாளிமாரோடு கடலில் குளித்துவிட்டு உடுப்பு மாற்றும்போது ஒருவன் அவருடைய உறுப்பைப் பார்த்துப் பகிடி பண்ணியிருக்கிறான். அன்றிலிருந்து நித்திரை இல்லை. "சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் சுருங்கிப் போச்சா? இடப்பக்க விதை கீழே தொங்குது. உறுப்பும் கொஞ்சம் வளைஞ்சிருக்கு. பேஸ்புக்கில் ஒரு எண்ணெய் விளம்பரம் பார்த்தேன், வாங்கட்டா? இல்லாட்டி கலியாணத்தை நிப்பாட்டட்டா?" என்று கேட்கிறார்.

தம்பி, கலியாணத்தை நிப்பாட்ட வேண்டாம், எண்ணெயும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் நோய் என்று சொல்ல எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கடல் குளிப்பு. குளிர் பட்டால் உறுப்பும் விதைப்பையும் சுருங்கும். பயம், கூச்சம் வந்தாலும் அப்படித்தான். உலகத்தில் எந்த ஆணுக்கும் இது நடக்கும். தளர்ந்திருக்கும்போது தெரிகிற அளவை வைத்து விறைப்பில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவும் முடியாது. தளர்வில் சிறிதாக இருப்பது பெரும்பாலும் விறைப்பில் கூடுதலாக நீளும், பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கொஞ்சம்தான் நீளும். இன்னொன்று, நம்முடையதை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், மற்றவருடையதைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். மேலிருந்து பார்த்தால் எதுவும் கட்டையாகத்தான் தெரியும். வயிறு கொஞ்சம் வைத்திருந்தால், அடிப்பாகம் கொழுப்புக்குள் மறைந்து இன்னும் சிறிதாகத் தோன்றும்.

2015இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், பல நாடுகளில் மருத்துவத் துறையினர் எடுத்த அளவீடுகளைத் தொகுத்தார்கள். 15,000க்கும் கூடுதலான ஆண்கள். சராசரி நீளம் தளர்வில் சுமார் 9 சென்ரிமீற்றர், விறைப்பில் சுமார் 13 சென்ரிமீற்றர். சராசரி என்றால் அதற்குக் கீழேயும் மேலேயும் ஏராளமானோர் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நீட்டிப் பிடித்து அளந்தால் ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருந்தால்தான் வைத்தியர்கள் அதை ஒரு குறைபாடாகப் பார்ப்பார்கள். அது மிக அரிது. ஆபாசப் படங்களில் வருகிறவர்கள் அளவுக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள், அவர்களோடு உங்களை ஒப்பிடாதீர்கள்.

கைப்பழக்கத்தால் உறுப்பு சுருங்காது, நரம்பு தளராது. ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தம் என்ற கதை நம் தாத்தாமார் காலத்தில் இருந்து ஓடுகிறது, அதில் உண்மை கிடையாது. விந்தணு விதைக்குள் நாளாந்தம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. இடது விதை தாழ்ந்திருப்பது பெரும்பாலான ஆண்களுக்கு உள்ளது. விறைப்பில் இலேசான வளைவும் அப்படியே.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். புது வீடு, மாமா, மாமி, மச்சாள்மார், பக்கத்து அறையில் பேச்சுச் சத்தம். அங்கே முதல் நாளே 'ஆம்பிளை' என்று நிரூபிக்க வேண்டும் என்ற நெருக்கடியோடு படுத்தால் யாருக்கும் விறைப்பு வராமல் போகலாம். பதற்றத்தில் உடம்பு இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், உறுப்புக்கு இரத்தம் போதிய அளவு பாயாது. அப்போது, "பார்த்தியா, நான் பயந்தது சரிதான்" என்று மனம் சொல்லும், அடுத்த நாள் பயம் இரட்டிப்பாகும். காலையில் எழும்பும்போது விறைப்பு வருகிறதா? வந்தால் இரத்த ஓட்டமும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று நம்பலாம். முதல் சில நாள் அவசரப்படாமல் அந்தப் பிள்ளையோடு கதையுங்கள், ஒருவருக்கொருவர் பழகுங்கள். அவருக்கும் அதே வெட்கமும் பயமும் இருக்கும்.

எண்ணெய் பூசி உறுப்பைப் பெரிதாக்க முடியாது. மூலிகை என்று விற்கிற சில குளிசைகளில் சில்டெனாபில் என்ற விறைப்பு மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் குளிசை போடுகிற ஒருவர் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழும். ஜிம்மில் ஸ்டீரொய்ட் ஊசி போடுகிற பொடியன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: விதையை உண்மையாகவே சுருக்குவது அந்த ஊசிதான், விந்தணுவும் குறையும்.

வைத்தியரிடம் கட்டாயம் போக வேண்டிய நேரங்கள் உண்டு. விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலியில்லாத கட்டி, விதைப்பையில் புழுக்கூட்டம் போல் தடிப்பு, புதிதாக வந்த வளைவு என்றால் கிளினிக்கில் காட்டுங்கள். இதெல்லாம் இல்லாமல் பயம் மட்டும் மாதக்கணக்கில் நீடித்து, வேலைக்குப் போகவே மனமில்லை என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனை ஆஸ்பத்திரிகளுக்கோ நேரே போகலாம், காசு தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால், எனக்கு எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் நீட்டுங்கள்.