பழைய படகை ஒரேயடியாகப் பிரித்துப் போடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத்தில் வேலை பார்க்கிறேன். சில கோடைகளாக நண்பர்களின் பாய்மரப் படகுகளில் போய்ப் பழகியிருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. சிசெஸ்டர் பக்கம் ஒரு படகு யார்டில் 1974-இல் கட்டிய வெஸ்டர்லி சென்டார் என்ற வகைப் பாய்மரப் படகு விலைக்கு நிற்கிறது. வயதான உரிமையாளர். நாலு வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை. அடியில் சிறு கொப்புளங்கள், உள்ளே கூரைத் துணி தொங்குகிறது, எஞ்சின் ஓடுமா தெரியாது. விலை மிகக் குறைவு.

உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி, இரண்டு வருடம் கரையிலேயே வைத்துப் புதிதுபோல் ஆக்கி, பிறகு நேராக பிரான்சின் பிரிட்டனி கரைக்குப் போகலாம் என்று திட்டம். ஐம்பது வருட ஃபைபர் கிளாஸை நம்பலாமா? தச்சுவேலையோ மெக்கானிக் வேலையோ தெரியாத நான் இதில் இறங்கலாமா?

க.

அன்புள்ள க.,

இறங்கலாம். அந்த இரண்டு வருடத் திட்டத்தை மட்டும் கைவிடுங்கள்.

எந்த யார்டுக்கும் போய்ப் பாருங்கள். தார்ப்பாய்க்குக் கீழே பாதி பிரித்த நிலையில் படகுகள் நிற்கும். அவற்றில் பலவற்றைக் கெடுத்தது கடல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிய ஆசைதான். யார்டு வாடகை மாதாமாதம் ஏறும், கழற்றிய திருகுகள் எந்த டப்பாவில் என்பது மறந்துபோகும், ஒரு கோடை வீணாகும், அடுத்ததும் வீணாகும். கடைசியில் படகின் சொந்தக்காரர் கடலையே வெறுத்துவிடுவார். கோடையில் ஓட்டுங்கள், குளிர்காலத்தில் ஒரு வேலையை எடுத்து அதை மட்டும் முடியுங்கள். எது ஒழுகுகிறது, எந்தக் கயிறு சிக்குகிறது, எது உண்மையில் தேவை என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியவரும். கரையில் நின்று போடும் பட்டியலில் பாதி தேவையற்றதாக இருக்கும்.

நீங்கள் பார்த்த படகு நல்ல தேர்வு. 26 அடி, லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1969 முதல் 1980 வரை, உங்கள் ஊருக்குப் பக்கத்து வாட்டர்லூவிலில் 2,400-க்கு மேல் கட்டினார்கள். இத்தனை படகுகள் ஒரே அச்சில் வந்ததால் இதன் நோய்கள் எல்லாம் ஊரறிந்தவை. உரிமையாளர் சங்கம் இன்றும் இயங்குகிறது. உங்களுக்கு வரப்போகும் எந்தச் சிக்கலும் இதற்கு முன் யாருக்கோ வந்திருக்கும்.

கொப்புளத்துக்குப் பயப்படாதீர்கள். ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு வழியாக நீர் மெல்ல உள்ளே போய், பாலியெஸ்டர் ரெசினில் சரியாக இறுகாமல் மிஞ்சியவற்றைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் இன்னும் நீரை இழுத்து உப்புகிறது. குத்தினால் வினிகர் வாசனையோடு திரவம் வரும். ஆஸ்மோசிஸ் என்று இதைச் சொல்லிச் சொல்லியே வாங்குபவர்களை மிரட்டிவிட்டார்கள். சிறு கொப்புளங்களால் படகு மூழ்காது. அங்கங்கே திறந்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு எபாக்ஸி நிரப்பலாம். எபாக்ஸி பழைய பாலியெஸ்டர் மேல் நன்றாக ஒட்டும், பாலியெஸ்டர் எபாக்ஸி மேல் அப்படி ஒட்டாது. குளிரில் ரெசின் இறுகாது என்பதால் இந்த வேலையை ஜனவரியில் தொடங்காதீர்கள். அப்புறம், அடியில் உள்ள பழைய பெயின்ட்டை உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. சிறு படகுகளில் டிபிடி என்ற நச்சு கலந்த பெயின்ட்டை பிரிட்டன் 1987-இல் தடை செய்தது. 1974 படகின் உள் அடுக்குகளில் அது இன்னும் இருக்கலாம். ஈரம் வைத்துச் சுரண்டுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், சுரண்டியது மண்ணில் விழாமல் கீழே விரிப்புப் போட்டுச் சேகரியுங்கள்.

உங்கள் கவலை முழுவதும் கீல்கள் மேல், அதாவது படகின் அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதிகள் மேல், இருக்க வேண்டும். சென்டாருக்கு இரட்டைக் கீல். அலை வற்றும்போது சேற்றில் நிமிர்ந்து நிற்கும், அதனால் வற்றும் இடங்களில் மலிவாகக் கட்டிவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை தரைதட்டும்போதும் அந்த இரண்டு கீல்களும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அந்த நெம்புவிசை முழுவதையும் தாங்குவது கீல் பொருந்தும் அடிப்பகுதி. ஆரம்பகாலப் படகுகளில் அந்த இடம் பலவீனம். பலர் பின்னாளில் உள்ளிருந்து கண்ணாடியிழை அடுக்கி வலுவூட்டினார்கள். இந்தப் படகில் அது நடந்திருக்கிறதா, யார் செய்தார்கள் என்று கேளுங்கள். காசு கொடுக்கும் முன் யார்டுக்காரரிடம் சொல்லிப் படகைப் பட்டையில் தூக்கச் சொல்லுங்கள். கீல்கள் தொங்கும்போது இணைப்புக் கோட்டைப் பாருங்கள். மெல்ல இறக்கி எடை ஏறும்போது மறுபடி பாருங்கள். கோடு திறந்து மூடினால், துருநீர் கசிந்தால், சுற்றிலும் மயிரிழை வெடிப்பு இருந்தால் உள்ளே வேலை இருக்கிறது என்று அர்த்தம். படகுகளைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை அன்றைக்கே வரச் சொல்வது நல்லது.

அடுத்தது, படகின் உடம்பில் உள்ள ஓட்டைகள். கழிவறை, சிங்க், எஞ்சினுக்குக் கடல்நீர் என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வால்வு, சீகாக். அந்தக் காலத்து பிரிட்டிஷ் படகுகளில் பரவலாக இருந்தது பிளேக்ஸ் நிறுவனத்தின் வெண்கல சீகாக். அது இருந்தால் மாற்றாதீர்கள். கழற்றி, உள்ளே உள்ள கூம்பை அரைக்கும் பசை தடவித் தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டினால் இன்னும் பல காலம் உழைக்கும். பயப்பட வேண்டியது இடையில் யாரோ மாட்டிய சாதாரணப் பித்தளை வால்வுக்கு. கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை அரித்து எடுத்துவிடும், மிஞ்சுவது செம்புப் பொருக்கு. வெளியே முழுசாகத் தெரியும், ஒரு தட்டில் உடையும். சுரண்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அன்றைக்கே தூக்கி எறியுங்கள். புதிதாக விற்பது என்பதாலும் நம்பிவிடாதீர்கள். ஐரோப்பியத் தரம் இந்தப் பொருத்துகளிடம் கேட்பது 5 வருடம் அரிப்பைத் தாங்கினால் போதும் என்பதைத்தான். வெண்கலம், அல்லது துத்தநாகம் அரிக்காத டிஇசெட்ஆர் பித்தளை என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஒரு மென்மரக் கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், வால்வு உடைந்தால் ஓட்டையில் அறைந்து அடைக்க.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எப்போது மாற்றியவை என்பதற்கு ரசீது இல்லாவிட்டால் மாற்றவேண்டியவை என்றே கொள்ளுங்கள். 10 வருடம் தாண்டினால் இங்கே பல காப்பீட்டு நிறுவனங்கள் கேள்வி கேட்கும். கம்பி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, கீழ் முனையில், நீர் தேங்கும் உறைக்குள் அறும். காற்றுப் படாத ஈரத்தில் எவர்சில்வரும் அரிக்கும். பாய்மரத்தைக் கிரேன் வைத்து இறக்குவதை யார்டுக்காரர்களிடம் விடுங்கள். முனைகளை ஸ்பானரால் முறுக்கிப் பொருத்தும் வகையில் வாங்கினால் மற்றதை நீங்களே செய்யலாம்.

மேல்தளத்தை பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள், சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல. அந்தக் காலப் படகுகள் பலவற்றில் தளத்தின் நடுவே மரம் வைத்திருப்பார்கள். திருகு ஓட்டை வழியாக நீர் போய் மரம் ஊறியிருந்தால் சத்தம் மந்தமாக வரும். சிறிய இடம் என்றால் ஓட்டையைப் பெரிதாக்கி, ஊறிய மரத்தைச் சுரண்டி, கெட்டியான எபாக்ஸி நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் புதிய ஓட்டை போடுங்கள். பொருத்தும்போது நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் ரப்பர் டேப் வையுங்கள். சிலிகான் வேண்டாம், அது விட்டுப்போன இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது.

எஞ்சின் பழைய வோல்வோவாக இருந்தால் கடல்நீரே நேராக உள்ளே சுற்றிக் குளிரவைக்கும் வகை. உப்பு படிந்து வழி அடைபடும், புகை வெளியேறும் வளைந்த குழாய் உள்ளிருந்து அரிக்கும். வாங்கும் முன் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். புது எஞ்சின் போட்டால் செலவு படகின் விலையைத் தாண்டும், ஆகவே விலைபேசும் இடம் இதுதான். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதையும், நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றுவதையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். கைத்தொழில் தெரியாதே என்று கேட்டீர்கள். கரையில் இருந்து பத்து மைலில் எஞ்சின் நின்றால் மெக்கானிக் வரமாட்டார். பகலில், நின்ற இடத்தில், நிதானமாக அதே திருகை ஒருமுறை திறந்தவருக்கு அங்கே கை நடுங்காது. பழைய படகை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பணத்தைவிட இதுவே காரணம். சமையல் கேஸ் மட்டும் விதிவிலக்கு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். அதைத் தகுதி உள்ளவர் கையில் கொடுங்கள்.

தொங்கும் கூரைத் துணி வெஸ்டர்லிகளின் பொது வியாதி. வினைலுக்குப் பின்னால் ஒட்டிய ஃபோம் பொடிந்துபோகிறது, அவ்வளவுதான். பொடி தலையில் கொட்டும், வேறு ஆபத்து இல்லை. கழற்றி, மெல்லிய பிளைவுட்டில் புதுத் துணி ஒட்டி மாட்டலாம். மூன்றாவது குளிர்காலத்துக்கு வையுங்கள். வயரிங், மெத்தை, ஜன்னல் அழகு எல்லாம் அதற்கும் பிறகு. ஜன்னல் ஒழுகினால் மட்டும் முன்னால் வரட்டும்.

பிரிட்டனி போகலாம், ஆனால் முதல் கோடையில் வேண்டாம். அந்தக் கோடையை கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலான சோலன்ட் நீரிணைக்குள், தீவைச் சுற்றிக் கழியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வருடம் பிரெஞ்சுத் துறைமுகமான ஷெர்பூர், வைட் தீவின் மேற்கு முனையிலிருந்து ஏறக்குறைய 60 கடல் மைல். பிரிட்டனி அதற்கடுத்து.

படகைத் தூக்கும் நாளில் கீல் இணைப்பை உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து அனுப்புங்கள். விலை பேசும் முன் பார்த்துச் சொல்கிறேன்.