பொருளாதாரம் மாறும்போது ஏழை பணக்கார இடைவெளி குறையுமா, கூடுமா?

கேட்டவர் பரீட்சைக்குப் படிக்கிறவர் போலத் தெரிகிறது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் எங்கள் குடும்பம் மூன்று முறை அடிபட்டிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

என் ஊர் பர்மாவில் (இப்போது மியான்மர்), யாங்கோன் என்கிற ரங்கூனுக்கு ஆற்றைத் தாண்டி தன்லின், பெரியவர்களுக்கு இன்னும் சிரியம்தான். 1964-இல் சோசலிசம் என்று சொல்லி ராணுவ அரசு கடைகளை அரசுடைமை ஆக்கியபோது தாத்தாவின் துணிக்கடை போனது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். சோசலிசம் வந்தால் எல்லோரும் சமம் என்று வாதாட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சமம் ஆகவில்லை. சாமான் கள்ளச்சந்தைக்குப் போனது, அதைக் கடத்தத் தெரிந்தவன் பிழைத்தான்.

1987 செப்டம்பர் 5, எனக்குப் பத்து வயது. அம்மா இட்லி விற்றுச் சேர்த்ததை ஒரு பால் டின்னில் சுருட்டி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. அம்மா டின்னைக் கவிழ்த்து, நோட்டில் ஒட்டியிருந்த தவிட்டை ஒவ்வொன்றாகத் தட்டி, தொகை வாரியாக அடுக்கினார். எதற்கு அடுக்குகிறாய் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டு நெல் வியாபாரிக்கு ஒரு சேதமும் இல்லை, அவரிடம் இருந்ததெல்லாம் தங்கமும் நெல் மூட்டையும். அந்த டிசம்பரில்தான் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம் 2011, ராணுவ ஆட்சி தளர்ந்து வெளிநாட்டு முதலீட்டுக்கு நாடு திறந்தது. நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், முன்பு லட்சக்கணக்கில் விற்ற சிம் கார்டு 2014-இல் 1500 கியாட்டுக்குக் கிடைத்தது, நானும் வாங்கினேன். ஆனால் 2011-லேயே அக்கா கல்யாணத்துக்காக அப்பா எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திலாவா என்ற இடத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டார். 2015-இல் அங்கே தொழிற்சாலைகளுக்காகச் சிறப்புப் பொருளாதார மண்டலம் திறந்தார்கள். எங்களிடம் ஏக்கர் கணக்கில் வாங்கினவர் அடிக்கணக்கில் விற்றார். அவர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை, விஷயம் காதில் விழும் இடத்தில் அவர் இருந்தார், அப்பா வயலில் இருந்தார். அதனால் எந்த மாற்றத்தைப் படித்தாலும், அன்றைக்கு யார் கையில் எது இருந்தது, யாருக்கு முதலில் தெரிந்தது என்று பாருங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பர்மா என்றாலே கப்பலேறித் திரும்பியவர்களைப் பற்றித்தான் தமிழ்நாட்டில் பேசுகிறீர்கள். தங்கிவிட்ட நாங்களும் இருக்கிறோம். தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாமல், இந்த எழுத்தை நான் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கற்றேன்.