மட்கார்ட்டின் உட்பக்கம்: பூச்சுக்கு முன் கழுவல்

கேள்வி: நான் திருகோணமலைக் கடலோரத்தில் உள்ள உப்புவெளியில் வசிக்கிறேன். என்னிடம் பதினொரு வருடப் பழைய சிறிய ஜப்பானியக் கார் ஒன்று உள்ளது. கடந்த மாரிக்குப் பிறகு பின்சில்லுக்கு மேலே மட்கார்ட் ஓரத்தில் பெயின்ற் கொப்பளித்துக் கறள் தெரிகிறது. நான்கு சில்லுகளுக்கும் மேலே உட்பக்கம் முழுவதும் தார் கலந்த கறுப்பு அண்டர்கோட் அடித்தால் இனிக் கவலையில்லை என்றும், அரை நாளில் வேலையை முடித்துத் தரலாம் என்றும் சேர்விஸ் நிலையத்தில் சொல்கிறார்கள். செய்விக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கழுவி, முற்றாகக் காயவைத்து, கறளைச் சுரண்டி, பிரைமர் பூசி, அதுவும் காய்ந்த பிறகு மேற்பூச்சு அடிப்பதென்றால் அரை நாள் எந்த வகையிலும் போதாது. எனவே இந்தப் படிகளில் சிலவற்றை அவர்கள் விட்டுவிடப் போகிறார்கள் என்றே நான் கொள்வேன். கறளுக்கும் ஈரத்துக்கும் மேலே தார்ப்பூச்சு அடித்தால், உள்ளேயிருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தகட்டோடு தங்கிவிடும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும் இடத்தின் பின்னால் தகடு மெலிந்துகொண்டே போகும். என்னுடைய முந்தைய காரில் இப்படித்தான் நடந்தது. பூசி இரண்டு மாரி கழிந்தபின் ஓரிடத்தில் சந்தேகப்பட்டு ஸ்குரூட்ரைவர் நுனியால் மெல்ல அழுத்தினேன். அது பூச்சோடு தகட்டையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது தெளிவாகும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தை எட்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதனே போதும். ஆகவே நிலாவெளிக் கடற்கரையிலிருந்து திரும்பிய கார் மழையே இல்லாத நாளில் கொட்டகைக்குள் நின்றாலும், உப்பு ஒட்டிய மண் இருக்கும் இடம் முழுமையாகக் காய்வதில்லை. அந்த மண் சேரும் இடமும் ஒன்றுதான்: உள்தகடும் வெளித்தகடும் சேர்த்து மடித்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும் மட்கார்ட் ஓரம். வண்டி நின்றபின் டயருக்கு மேலே கையை விட்டு அந்த மடிப்பின் உட்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். என் விரலோடு வந்தது ஈர மணலும், சிப்பித் துகளும், மக்கிப்போன வேப்பிலையும். வெளியே கழுவித் துடைத்து நான்கு நாட்கள் ஆகியும் அது குளிர்ந்தே இருந்தது. உங்கள் காரில் கொப்பளம் வந்திருப்பதும் இந்த ஓரத்தில்தான். வெளியே கொப்பளம் தெரியும்போது உட்பக்கம் அதைவிடக் கூடுதலாகப் பழுதடைந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. சில்லு சூடாக இருக்கும்போது தொடங்க வேண்டாம். முதலில் வேகம் குறைந்த தண்ணீரால் மண்ணை நன்றாக ஊறவிட்டு, பத்து நிமிடம் கழித்து நீண்ட கைபிடித் தூரிகையாலும் விரலாலும் மடிப்பைத் துப்புரவாக்கி, கார் ஷாம்பு கலந்த நீரால் தேய்த்து, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசும் தண்ணீர் குழாய் நீராக இருக்கட்டும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவர்ப்பானது. அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகிவிடும். அலோய் சில்லைப் பளபளப்பாக்க விற்கப்படும் அமிலக் கிளீனரை இங்கே கொண்டுவர வேண்டாம். பிரஷர் வோஷர் பயன்படுத்தினால் ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் பிடியுங்கள். அச்சுமுனை ரப்பர் உறை, பெயாரிங் சீல், பிரேக் உணரியின் வயர் ஆகியவற்றை நோக்கி நேராக அடிக்கக் கூடாது. முடிந்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தரம் பிரேக்கை அழுத்திக் காயவையுங்கள்.

உள்ளே பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும் காரென்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கழற்றிப் பின்னால் சேர்ந்த மண்ணை எடுக்க வேண்டும். உடைந்த கிளிப்புகளைப் புதிதாக வாங்கிப் போடுங்கள். அவற்றின் விலை அற்பம், ஆனால் மறைப்பு தொய்ந்தால் மண் உள்ளே போய்ச் சேரும்.

இனிப் பூச்சு. கொப்பளித்த இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டி, குழிகளில் மிஞ்சும் கறளுக்கு ரஸ்ட் கன்வேட்டர் (கறளை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) பூசி, எப்பொக்சி பிரைமர் இட்டு, அதன் மேலேதான் எதையும் அடிக்க வேண்டும். தகடு ஓட்டையாகியிருந்தால் அதை வெட்டிப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பசையால் நிரப்பித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரப்பர் கலந்த தடித்த பூச்சு, டயர் வீசும் கல்லைத் தாங்கும். ஆனால் வெடித்தால் உள்ளே நீர் தங்கும். மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு உரோமத்தின் கொழுப்பு) வகை மென்மையாகவே இருந்து, கீறலுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊர்ந்து செல்லும். டயர் நீர் படும் இடத்தில் விரைவில் கழுவுண்டு போவதால் வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். உங்கள் காருக்கு நான் திறந்த பரப்பில் முதலாவதையும், மடிப்பினுள் இரண்டாவதையும் தெரிவு செய்வேன். காலமும் முக்கியம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில் செய்வித்தால் தகடு உண்மையாகவே காயும். ஐப்பசியில் வாடை மழைக்கு முன் அவசரமாக ஓடுவதில் பயனில்லை.

கராஜில் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள்: “அடிப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீர்களா?” ஆம் என்பவரிடம் கூடுதலாகப் பணம் கொடுத்தாலும் நட்டமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருக்கும் காரின் தகட்டைக் காப்பாற்றுவது எவ்வளவு பெறுமதியான காரியம் என்பதை நம்மவர்கள் அந்த ஐந்து வருடங்களில் நன்றாகவே உணர்ந்தார்கள்.

கேள்வி: கிண்ணியாவில் எங்கள் வீட்டார் கழித்த எஞ்சின் ஒயிலை அடிப்பகுதிக்கும் சில்லுகளின் மேலும் அடிப்பது வழக்கம். அது போதாதா?

பதில்: தகட்டுக்குச் சில வாரங்கள் உதவும் என்பது உண்மை. ஆனால் அது இயற்கை ரப்பரை ஊதி மென்மையாக்குவதால் புஷ்களும் உறைகளும் கெடும். புழுதியைப் பிடித்துச் சேறாக்கும். பிரேக் டிஸ்கில் ஒரு துளி பட்டாலும் உயிருக்கு ஆபத்து. மழையில் கழுவுண்டு நம் கிணறுகளுக்கும் களப்புக்கும்தான் போகும். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பூசி ஆறு வாரத்திலேயே பட்டை பட்டையாக உரிகிறது. பற்றுச்சீட்டில் ‘அண்டர்கோட்’ என்று மட்டும் உள்ளது. என்ன செய்யலாம்?

பதில்: உரிந்த இடத்தைப் படமெடுத்து, உரிந்த பட்டை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் அவர்களிடமே திருத்தித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். பட்டையின் பின்பக்கத்தில் மண்ணோ கறளோ ஒட்டியிருந்தால், கழுவாமல் அடித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஆறு வாரங்கள் ஏற்கெனவே போய்விட்டதால், இந்த வாரமே எழுதுங்கள்.