செக்கை மாத்தி மாத்தி முதலாளியா இருக்கேலாது தம்பி

வெள்ளவத்தையிலயிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மூண்டு வருசத்துக்கு முன்னம் வேலைய விட்டுட்டு புறக்கோட்டையில துணி எடுத்து ஹட்டன் பக்கத்துக் கடையளுக்கு மொத்தமா குடுக்கிறார். கடைக்காரர் ரெண்டு மாசம் தள்ளித் திகதி போட்டு செக் தருவினமாம், இவர் அதை திகதி வர முன்னமே வட்டிக்காரரிட்ட குடுத்து, மாசம் 4 வீதம் கழிச்சு மாத்தி அந்தக் காசில திரும்பவும் சாமான் எடுக்கிறார். அத்தான்ர வானுக்கு மாசம் 55,000 லீசிங்கும் இவர்தான் கட்டுறார். "மாசம் பதினொண்டரை லட்சத்துக்கு விக்கிறன், கையில ஒண்டும் நிக்கேல்ல, மனிசியின்ர நகைய வச்சு கிரிப்டோவில போடவா, இல்லாட்டி நான் பிஸ்னஸுக்கு சரிவர மாட்டனா?" இதுதான் கேள்வி.

தம்பி, உங்களுக்கு விக்கத் தெரியும், அதில குறையே இல்ல. செக் மாத்துறதுதான் உங்களைத் தின்னுது.

கணக்கைப் பாருங்கோ. 10 லட்சத்துக்கு எடுத்து பதினொண்டரைக்கு குடுத்தா ஒண்டரை லட்சம் வருது. ரெண்டு மாச செக்க மாத்த 8 வீதம், அது 92,000. லொறிக்கும் பெடியன்ர சம்பளத்துக்கும் 45,000 எண்டு எழுதியிருக்கிறீங்கள், மிச்சம் 13,000. அதுக்குள்ள 55,000 லீசிங் எங்கயிருந்து வரும்? அடுத்த செக்கில இருந்துதான் வரும், அதாவது வியாபாரத்தில போட்ட முதலுக்குள்ள இருந்து வருது. மாசம் 4 எண்டா வருசத்துக்கு 48 வீதம், கடன் கட்டேலாது எண்டு நாடே கைவிரிச்ச 2022ல கூட அரசாங்கம் குறுங்காலக் கடனுக்குக் குடுக்கிற ட்ரெஷரி பில் வட்டி 30 வீதத்துக்குக் கிட்டத்தான் நிண்டது. இவ்வளவும் கட்டியும் கடைக்காரன்ர செக் திரும்பினா மாத்தினவர் உங்களைத்தான் பிடிப்பார்.

எங்கட ஆக்கள் முதலாளி எண்டு சொல்லேக்க காரையும் விசிட்டிங் கார்டையும் தான் பாக்கினம், அந்த சொல்லுக்குள்ளயே முதல் இருக்கு, முதலை ஆளுறவர்தான் முதலாளி. நட்டம் வந்தா தாங்குறதும் சொந்தக்காரன் கேக்கேக்க லாச்சியப் பூட்டுறதும் அவர்ர வேலை. அத்தானுக்கு இல்லையெண்டா மரியாதை போயிடும் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அந்தப் பயம் எனக்கு நல்லா விளங்குது, ஆனா அந்த மரியாதைய நீங்கள் மாசம் 55,000 குடுத்து வாங்குறீங்கள்.

கிரிப்டோ வேண்டவே வேண்டாம். மத்திய வங்கி எத்தினையோ தரம் எச்சரிச்சிட்டுது, கிரிப்டோவில போடச் சொல்லுற குரூப்பில இருக்கிற ஆரும் உங்கட மனிசியின்ர நகைய மீட்டுத் தரப் போறேல்ல.

அடுத்த சுற்றை பாதியாக்குங்கோ, 5 லட்சத்துக்கு மட்டும் எடுங்கோ, அது அஞ்சே முக்கால் லட்சத்துக்குப் போகும். காசு கையில தாற கடைக்கு 3 வீதம் கழிச்சுக் குடுங்கோ, அது 17,000 சொச்சம், லொறி பெடியன் எல்லாம் 30,000க்குள்ள அடக்கினா 28,000 அளவில நிக்கும், பாதி வியாபாரத்தில ரெண்டு மடங்குக்கு மேல. செக்தான் தருவன் எண்டு நிக்கிற கடைக்கு உங்கட சொந்தக் காசு தாங்குற அளவு மட்டும் குடுங்கோ, செக்க திகதி வரைக்கும் வீட்டில வச்சிருந்து பாங்கில போடுங்கோ. ஆக்கள் வியாபாரம் படுத்திட்டுது எண்டு கதைப்பினம், கதைக்கட்டும்.

வானை அத்தான் ஸ்கூல் ஹயருக்கு ஓடிக் கட்டட்டும், ஏலாட்டி வித்து லீசிங்கை முடிக்கட்டும். இதை போனில சொல்லாதேங்கோ, கணக்குக் கொப்பியக் கொண்டுபோய் அக்காவ முன்னால இருத்தி வச்சு அந்த 13,000ஐக் காட்டுங்கோ.